‘தொழில்துறைப் பங்காளி’: ஒரு படிவக் கட்டத்தின் வரலாறு

சாங்வியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல்லுறுப்பு வேதியியல் பயிலும் ஆய்வு மாணவர் ஒருவர் வசிக்கிறார். சென்ற வாரம் அரசு நல்கைக்கான முன்மொழிவுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அறிவியல் பகுதி முழுவதும் நிரம்பியிருந்தது. ‘தொழில்துறைப் பங்காளியின் பங்களிப்பு: பணமாக, பொருளாக’ என்னும் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. “அண்ணா, இதில் வழக்கமாக என்ன எழுதுவார்கள்?” என்று கேட்டார். வழக்கமாக எழுதப்படுவது எனக்குத் தெரியும். தெரிந்த நிறுவனம் ஒன்றிடம் ஒப்புதல் கடிதம் வாங்குவார்கள். அதன் ஆய்வுக்கருவிகளைப் பயன்படுத்தும் நேரத்திற்கு ஒரு விலை போட்டு, பொருள்வகைப் பங்களிப்பு என்று காட்டுவார்கள். நானும் ஒருமுறை அவ்வாறான கூட்டுத்திட்டம் ஒன்றில் பணியாற்றியிருக்கிறேன். கடிதம் கொடுத்த நிறுவனத்திலிருந்து மூன்றாண்டுகளில் ஒரு பொறியாளர்கூட எங்கள் ஆய்வகத்தின் படியேறவில்லை.

அந்தக் கட்டம் எவ்வாறு வந்தது என்பதை அறிவியல் வரலாற்று மாணவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னேன். சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

கதை லாகூரில் தொடங்குகிறது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் வேதியியல் பேராசிரியராக இருந்த காலம். ராவல்பிண்டிப் பகுதியில் எண்ணெய்க் கிணறு தோண்டிய அட்டாக் ஆயில் கம்பெனிக்கு ஒரு சிக்கல் எழுந்தது. துளையிடும்போது பயன்படும் சேற்றுக்குழம்பு நிலத்தடி உப்புநீர் பட்டதும் இறுகிக் கெட்டியாகி வேலையை நிறுத்திவிட்டது. கூழ்ம வேதியியல் அறிந்த பட்நாகர், இந்தியப் பிசின் ஒன்றைச் சேர்த்தால் அந்தக் குழம்பு உப்பைத் தாங்கும் என்று காட்டினார். அட்டாக்கின் முகவர்களான லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தார் மகிழ்ந்து, பெட்ரோலியம் தொடர்பான எந்த ஆய்வுக்கும் செலவிடலாம் என்று அவருக்கு 1,50,000 ரூபாய் தர முன்வந்தனர். அத்தொகையைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவே தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதன் பயனாகப் பெட்ரோலிய ஆய்வுக்கென ஒரு துறை உருவாயிற்று. நல்கையும் பின்னர் உயர்த்தப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, தொழிலகம் கேள்வியோடு வந்தது, கடிதத்தோடு வரவில்லை. இரண்டாவது, பணம் ஆளைச் சேராமல் நிறுவனத்தைச் சேர்ந்தது. இன்று ‘நல்கை நிறுவனத்தின் கணக்கிற்கே விடுவிக்கப்படும்’ என்று ஒற்றை வரியில் கடந்துபோகும் விதிமுறை அன்று ஒரு மனிதரின் தனி முடிவாக இருந்தது.

அரசு இதில் நுழைந்தது போரினால். கடல்வழி இறக்குமதி தடைப்படும் என்ற அச்சத்தில் 1940 ஏப்ரலில் அறிவியல் தொழில் ஆய்வு வாரியம் அமைக்கப்பட்டது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வணிகத் துறையை வகித்த சர் ஆர்க்காடு ராமசாமி முதலியார் அதன் தலைவர், பட்நாகர் இயக்குநர். ஆண்டு ஒதுக்கீடு 5 லட்சம் ரூபாய். நீதிக்கட்சியின் நாவலராக மட்டுமே நம்மூர் நினைவில் வைத்திருக்கும் முதலியாருக்கு இந்திய ஆய்வு நிதியின் வரலாற்றில் உள்ள இடம் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் கருத்து. 1941இல் தொழில் ஆய்வுப் பயன்பாட்டுக் குழு அமைந்தபோது, கண்டுபிடிப்புகளுக்குத் தொழிலகங்கள் தரும் உரிமத்தொகையைத் தனி நிதியாக வைத்து மேலும் ஆய்வுக்கே செலவிடுவது என்று முடிவாயிற்று. பொதுக் கருவூலத்தில் அது கரைந்துபோகக் கூடாது என்பதே நோக்கம். அதே ஆண்டு நவம்பரில் முதலியாரின் பரிந்துரைப்படி தொழில் ஆய்வு நிதியத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் ரூபாய் வழங்க மத்தியச் சட்டமன்றம் இசைந்தது. 1942 செப்டம்பரில் அறிவியல் தொழில் ஆய்வு மன்றம், அதாவது சிஎஸ்ஐஆர், தன்னாட்சி அமைப்பாகப் பிறந்தது.

அடுத்து ஆய்வகங்கள். சாங்வியிலிருந்து முளா ஆற்றைக் கடந்து ஔந்த் வழியாகச் சென்றால் பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகம் வரும். 1950 ஜனவரி 3 அன்று நேரு திறந்துவைத்த அந்த ஆய்வகத்திற்கு டாடா அறக்கொடை 8.3 லட்சம் ரூபாய் வழங்கியது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்திற்கு அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் தந்ததை நாம் அறிவோம். இவை பெருங்கொடைகள், ஐயமில்லை. ஆயினும் கொடை என்பது ஒருமுறை கொடுத்து விலகுவது. கொடுத்தவருடைய ஆலையின் சிக்கல் ஆய்வகத்தின் மேசைக்கு வர வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. இந்தியத் தொழிலதிபர் ஆய்வுக்குக் கட்டடம் கொடுத்தார். கேள்வி கொடுத்தது குறைவு. இது என் தீர்ப்பு; மறுப்போர் சான்றுடன் எழுதலாம்.

பங்களிப்புக்கு இணையாக நல்கை என்னும் கருத்து பிரிட்டனிலிருந்து வந்தது. முதல் உலகப் போரின்போது அங்கே தொழில் ஆய்வுக்கென 10 லட்சம் பவுண்டு நிதி ஒன்று ஒதுக்கப்பட்டது. ஒரு தொழிலைச் சேர்ந்த ஆலைகள் சங்கமாகக் கூடிச் சந்தா திரட்டினால் அரசு அதற்கு ஈடான தொகை தரும். ஐந்தாண்டுக்குப்பின் சங்கங்கள் தம் காலில் நிற்கும் என்று எதிர்பார்த்தனர். பெரும்பாலானவை நிற்கவில்லை; நல்கை நீண்டது. அந்தச் சங்க வடிவத்தின் இந்திய வாரிசுகள்தாம் 1947இல் அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் கட்டியெழுப்பிய நெசவாலை ஆய்வுச் சங்கமும், 1950களின் நடுவில் கோவையில் தோன்றிய சிட்ராவும், 1966இல் புணேயில் அமைந்த வாகன ஆய்வுச் சங்கமாகிய ஏஆர்ஏஐயும். நூலின் தரம், இயந்திரப் பராமரிப்பு, வாகனச் சோதனை முதலிய பொதுச் சிக்கல்களில் இவை நன்கு பயன்பட்டன. போட்டி ஆலைக்குத் தெரியக் கூடாத சிக்கலை எவரும் சங்கத்தில் வைக்கமாட்டார் என்பது இவ்வடிவத்தின் எல்லை.

அந்த எல்லையைத் தாண்டிய நிகழ்ச்சி ஒன்று பாஷாணிலேயே உண்டு. அந்த ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த சாய வேதியியலறிஞர் கே. வெங்கடராமன். 1957இல் பொறுப்பேற்ற அவர், பம்பாயில் சாயத் தொழிலோடும் நெசவுத் தொழிலோடும் பழகிய கை. பின்னர் எல். கே. துரைசாமி இயக்குநராக இருந்தபோது, பால் ரத்தினசாமியின் குழு என்சிலைட் என்னும் ஜியோலைட் வினையூக்கியை உருவாக்கியது. பாலியெஸ்டர் இழைக்கு வேண்டிய பாரா-சைலீனைப் பெறும் வழியில், சைலீன் கலவையை மாற்றியமைக்க உதவும் வினையூக்கி அது. ஆய்வகம் வேதியியலைக் கண்டது. ஏசிசி நிறுவனம் வினையூக்கியைத் தயாரித்தது. வடோதராவிலிருந்த பொதுத்துறை நிறுவனமான ஐபிசிஎல் தன் உலையில் இட்டு ஓட்டியது. சில கிராம் தூள் ஆலையின் உலைக்குள் செல்வதற்கு மூவரும் தத்தம் இடரை ஏற்க வேண்டியிருந்தது. ஓடும் உலையை ஒரு நாள் நிறுத்துவது என்றால் என்ன இழப்பு என்பதை அறிந்த எவரும் ஐபிசிஎல்லின் பங்கைப் ‘பொருள்வகை’ என்று ஒதுக்கமாட்டார். அதே சமயம், அது இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய பொருளாதாரம் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிச்சந்தை திறந்திருந்தால் அத்தனை பொறுமை இருந்திருக்குமா என்று நான் ஐயுறுகிறேன்.

1986இல் தொழில்நுட்ப இறக்குமதிக் கொடுப்பனவுகள்மீது 5 விழுக்காடு ஆய்வுத் தீர்வை விதிக்கும் சட்டம் வந்தது. அதன் வருவாயை நம்பி 1996இல் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் அமைந்தது. வசூலானதில் சிறுபகுதியே வாரியத்தை அடைந்தது. 2017இல் தீர்வையே நீக்கப்பட்டது. 1941இல் எதை அஞ்சித் தனி நிதி கேட்டார்களோ அதுவே நடந்தது.

ரகுநாத் மஷேல்கர் சிஎஸ்ஐஆர் தலைவராக இருந்தபோது தொடங்கிய என்எம்ஐடிஎல்ஐ திட்டம் ஒரு நுட்பமான வேறுபாடு செய்தது. கல்வி நிறுவனங்களுக்கு நல்கை; தொழிலகங்களுக்கு 3 விழுக்காட்டு வட்டியில் கடன். கடன் வாங்கியவர் ஆய்வைக் கவனிப்பார் என்பது அதன் கணக்கு. 2015இல் வந்த உச்சதர் ஆவிஷ்கார் திட்டமோ செலவில் 25 விழுக்காட்டைத் தொழிலகம் ஏற்க வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம் ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாயை இலக்காகக் கொண்டுள்ளது. அதில் பெரும்பகுதி அரசுசாரா வழிகளிலிருந்து வரவேண்டும். ஆக, மாணவரின் படிவத்தில் வெறுமையாக இருந்த கட்டத்தின்மீதுதான் ஒரு தேசியத் திட்டத்தின் பெருங்கணக்கே நிற்கிறது. அக்கட்டம் போலிக் கடிதங்களால் நிரம்புமானால் அக்கணக்கும் தாளோடு நின்றுவிடும். இழப்பு அமைச்சகத்திற்கு அன்று, மூன்றாண்டுகளைச் செலவிடும் ஆய்வு மாணவருக்கு.

மாணவருக்கு அட்டாக் சேற்றின் கதைதான் பிடித்திருந்தது. கடிதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவைத்திருக்கிறார். போசரியில் ரப்பர் உதிரிபாகம் வார்க்கும் சிறு பட்டறை ஒன்று உண்டு. அங்கே எந்தக் கலவை எதனால் வெடிக்கிறது என்று முதலில் கேட்டுவரச் சொன்னேன். வியாழக்கிழமை போகிறோம். முன்மொழிவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.