நினைவில் அசையும் விரல்

நாம் கையை அசைக்காமல், அசைப்பதாக நினைத்தால் மூளையில் நிகழ்வது என்ன?

1870-இல் பெர்லினில் பிரிட்சும் ஹிட்சிக்கும் நாயின் மூளையைத் திறந்து, மின்சாரத்தால் தூண்டி, உடலசைவைத் தோற்றுவித்தனர். மண்டையோட்டைத் திறவாமலே மனித மூளையைத் தூண்டும் காந்தச் சுருளை, 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் அமைத்தனர்.

அம்முறையில் நடத்திய சோதனையொன்றை 1995-இல் பாஸ்குவல்-லியோனே குழுவினர் வெளியிட்டனர். சிலர் ஐந்து நாட்கள், நாளுக்கு 2 மணி நேரம், பியானோவில் விரற்பயிற்சி செய்தனர். சிலர் அதையே மனத்தால் மட்டும் பயின்றனர். இரு சாராரின் மூளையிலும் விரல்களை இயக்கும் பகுதி விரிந்திருந்தது. வாசிப்பில் கையால் பயின்றவரே சிறந்தனர். மற்றவரோ, பின்னர் 2 மணி நேரம் கையால் பயின்றதுமே அவர்களை எட்டினர்.

எண்ணம் செயலுக்கு ஈடாகாது. ஆயினும் செயலுக்கு வழி திறக்கும் என நாம் அறிகிறோம்.