ரிபேஸ் மீட்பு (கிட்)

ரிபேஸ் மீட்பு என்பது, கிட் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ரிபேஸ் எனப்படும் செயற்பாடு இடையில் நின்றாலோ பிழையாக முடிந்தாலோ, கிளையை அதன் முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் முறையாகும். கிட், லினக்ஸ் கருனியின் உருவாக்கப் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டில் எழுதிய கட்டற்ற மென்பொருளாகும். இக்கட்டுரையில் கட்டளைகள் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

பின்னணி

கிட்டில் மாற்றங்கள் கமிட் எனப்படும் பதிவுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கமிட்டுக்கும், அதன் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்தைய கமிட்டையும் சார்ந்து கணிக்கப்படும் அடையாள எண் உண்டு. ஷா-1 முறையில் இவ்வெண் 40 பதினறும இலக்கங்களைக் கொண்டது. கிளை என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர் மட்டுமே.

ரிபேஸ் செய்யும்போது, கிளையின் கமிட்டுகள் வேறோர் அடித்தளத்தின் மேல் ஒவ்வொன்றாக மீண்டும் இடப்படுகின்றன. முந்தைய கமிட் மாறுவதால் அடையாள எண்களும் மாறிப் புதிய கமிட்டுகள் உருவாகின்றன. பழையவை உடனே அழிக்கப்படுவதில்லை. கிளைப்பெயரே அவற்றை விட்டு நகர்கின்றது. மீட்பு இயலுவதற்கு இதுவே காரணமாகும்.

இடையில் நின்ற ரிபேஸ்

ஒரே வரி இருபுறமும் வெவ்வேறாக மாற்றப்பட்டிருந்தால் முரண்பாடு ஏற்பட்டு ரிபேஸ் நின்றுவிடும். அப்போது "கிட் ரிபேஸ் --அபார்ட்" என்னும் கட்டளை கிளையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். முரண்பாட்டைத் தீர்க்க அதுவரை செய்த திருத்தங்கள் இதனால் நீங்கிவிடும். "--ஸ்கிப்" என்னும் தெரிவு முரண்பட்ட கமிட்டையே விட்டுவிடுவதால், அதனைப் பொருளறியாது பயன்படுத்துதல் கூடாது.

முடிந்துவிட்ட ரிபேஸ்

கிளைப்பெயர் எந்தெந்தக் கமிட்டுகளைச் சுட்டியது என்பதைக் கிட் ரெஃப்லாக் என்னும் குறிப்பேட்டில் எழுதி வைக்கின்றது. அதன் துணைகொண்டு பின்வருமாறு மீட்கலாம்:

1. கமிட் செய்யாத மாற்றங்கள் இருப்பின் "கிட் ஸ்டாஷ்" மூலம் ஒதுக்கி வைத்தல்.
2. "கிட் ரெஃப்லாக்" கட்டளையைக் கிளைப்பெயருடன் இயக்குதல். ரிபேஸ் முடிந்ததைக் காட்டும் வரிக்கு அடுத்துக் கீழே உள்ள பதிவே பழைய நிலையாகும்.
3. அதன் அடையாள எண்ணைக் கொண்டு, "கிட் பிராஞ்ச்" மூலம் ஒரு மீட்புக் கிளையை உருவாக்குதல்.
4. "கிட் லாக்" மூலம் அக்கிளையில் எல்லாக் கமிட்டுகளும் உள்ளனவா எனச் சரிபார்த்தல்.
5. பழுதான கிளையில் இருந்தவாறு, மீட்புக் கிளையின் பெயருடன் "கிட் ரீசெட் --ஹார்ட்" கட்டளையை இயக்குதல்.

வரம்புகள்

ரெஃப்லாக் அந்தக் கணினியிலுள்ள களஞ்சியத்திற்கு மட்டும் உரியது. வேறு களஞ்சியங்களுக்கு அனுப்பப்படுவதில்லை. பதற்றத்தில் கோப்புறையை அழித்துவிட்டு வழங்கியிலிருந்து புதிதாக நகலெடுப்போர், மீட்பதற்கான வழியையும் சேர்த்தே அழித்துவிடுகின்றனர். இயல்பு அமைப்பில், கிளையின் தற்போதைய வரலாற்றில் இல்லாத கமிட்டுகளுக்கான குறிப்புகள் 30 நாட்களும் ஏனையவை 90 நாட்களும் வைக்கப்படும். அதன் பின்னர்த் துப்புரவுப் பணியில் நீக்கப்படலாம். ஒருபோதும் கமிட் செய்யப்படாத மாற்றங்கள் ரெஃப்லாக்கில் இடம்பெறுவதில்லை.

பலரும் பகிரும் கிளையை ரிபேஸ் செய்து வலிந்து அனுப்பினால், வழங்கியிலுள்ள பிறரது கமிட்டுகள் கிளையிலிருந்து விடுபட்டுப் போகலாம். இதனைக் குறைக்க, 2013 ஆம் ஆண்டில் வெளியான கிட் 1.8.5 பதிப்பில் "--ஃபோர்ஸ்-வித்-லீஸ்" என்னும் தெரிவு சேர்க்கப்பட்டது. வழங்கியிலுள்ள கிளை எதிர்பார்த்த நிலையில் இல்லாவிடின் இது அனுப்புதலை மறுத்துவிடும்.