ஒளி யாரிடம் பாடம் கற்றது? மாவாலை உணரியின் வரலாறு

இன்றைய பெரிய மாவாலைகளில், மாவு குழாய்வழி ஓடும்போதே அதன் ஈரப்பதம், புரதம், சாம்பல் அளவு ஆகியவற்றை ஒளி உணரிகள் கணித்துத் திரையில் காட்டுகின்றன. ஒளி வந்ததும் வேதியியல் சோதனை விடைபெற்றது என எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1800இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்புக் கதிரை அறிந்தார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால், கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை அளக்கும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடலாம். நம்பகமான முறைதான், ஆனால் நேரமும் அமிலமும் கோரியது.

இவ்விரு வரலாறுகளும் 20ஆம் நூற்றாண்டில் சந்தித்தன. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் கார்ல் நோரிஸ், 1960களில் தானிய ஈரப்பதத்தை அண்மை அகச்சிவப்பு ஒளியால் அளக்க முனைந்தார். நீர் 1940 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உட்கவரும். ஆயினும் புரதம், மாவுச்சத்து, எண்ணெய் ஆகியவற்றின் உட்கவர்தலும் அதனோடு கலந்தே தோன்றும். எனவே பல அலைநீளங்களின் அளவீடுகளைப் புள்ளியியல் சமன்பாட்டால் இணைத்தார். 1975இல் கனடா தானிய ஆணையம், பில் வில்லியம்ஸின் ஆய்வுகளின் துணையோடு, கோதுமைப் புரதச் சோதனைக்கு இம்முறையை ஏற்றது.

அந்தச் சமன்பாடு எங்கிருந்து பிறந்தது? கெல்டால் முறையில் முன்னரே அளக்கப்பட்ட மாதிரிகளிலிருந்துதான். ஒளி புரதத்தை நேரே எண்ணுவதில்லை. வேதியியல் தந்த விடைகளைக் கொண்டு கணிக்கப் பயில்கிறது. சாம்பல் அளவில் இது இன்னும் தெளிவு. கனிமங்கள் இவ்வொளியை நேரடியாக உட்கவர்வதில்லை; மாவில் கலந்த தவிட்டின் கரிமப் பொருள்களைக் கொண்டே கருவி சாம்பலை ஊகிக்கிறது. ஆகவே மைதாவில் பயின்ற சமன்பாட்டைத் தவிடு மிகுந்த ஆட்டாவுக்கு அப்படியே பொருத்தினால் விடை பிழைபடும்.

கருவியை இறக்குமதி செய்துகொள்ளலாம். அளவுத்திருத்தத்தை அவ்வாறு செய்ய இயலாது. நம் மண்ணின் ரகங்கள், நம் பருவங்கள், நம் ஆய்வக அளவீடுகள் அதில் இடம்பெற வேண்டும். தானியத்தின் தரமும் உழவரின் விலையும் திரையில் தோன்றும் எண்ணால் தீர்மானிக்கப்படுமிடத்தில், அவ்வெண் எம்மாதிரிகளிடம் பயின்றது என்று கேட்பது ஆய்வு மாணவரின் முதற்கடமை.