மலைக்கு அடியில் ஒரு காலைக் கூட்டம்

கீழ்பென்னாத்தூர்ல இருந்து பேசறேன். செஞ்சிக் கோட்டை பற்றி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வரும். "செஞ்சியில இருந்து திருவண்ணாமலைக்குச் சுரங்கப்பாதை இருக்காமே, உண்மையா?" எங்க பக்கம் இந்தக் கதை தெரியாதவங்க கிடையாது. ராஜா குதிரை மேலேயே உட்கார்ந்து போவாராம். ரெண்டு ஊருக்கும் நடுவுல நாங்க இருக்கிறதால, அப்படி ஒண்ணு இருந்தா எங்க கொல்லைக்கு அடியிலதான் போகணும். கிணறு வெட்டினவங்க, போர் போட்டவங்க யாருக்கும் இதுவரை தட்டுப்படலை.

இன்னைக்குப் பேசப்போறது நிஜமாவே இருக்கிற ஒரு நிலவறையைப் பற்றி. சிங்கப்பூர்ல, ஃபோர்ட் கேனிங் குன்றுக்குள்ள, தரைக்கு 9 மீட்டர் கீழே இருக்கு. பேர் பேட்டில்பாக்ஸ். இரண்டாம் உலகப் போர்ல மலாயாவுக்கான பிரிட்டிஷ் படைத் தலைமையகம் கடைசி நாட்கள்ல இங்கேதான் இயங்கியது. 1942 பிப்ரவரி 15 காலையில, சிங்கப்பூரை ஜப்பானிடம் ஒப்படைக்கிற முடிவை எடுத்ததும் இதுக்குள்ளதான். அந்த முடிவு வட ஆற்காடு மாவட்டத்துல எத்தனையோ குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது. அதனாலதான் இது நம்ம நிகழ்ச்சிக்குள்ள வருது.

நான் போனது ஒரு நாள் பயணம். ஒரு வேன், எட்டுப் பேர், ஒரு கைடு. காலையில பேட்டில்பாக்ஸ், மதியம் புக்கிட் தீமாவில் இருக்கிற பழைய ஃபோர்டு கார் தொழிற்சாலை, சாயங்காலம் கிராஞ்சி போர் நினைவிடம். எங்களோட ஒரு ஆஸ்திரேலியத் தம்பதி வந்தாங்க. அந்த அம்மாவோட தாத்தா இங்கே போர்க்கைதியா இருந்தவர். அவருடைய படைப்பிரிவு எண் வரைக்கும் ஒரு காகிதத்துல எழுதி வெச்சிருந்தாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

குன்றுச் சரிவுல ஒரு இரும்புக் கதவு. உள்ளே போனா குறுகலான நடை, ரெண்டு பக்கமும் அறைகள். எல்லாம் சேர்த்து முப்பதுக்குப் பக்கம். சுவர் ஒரு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட். குண்டு விழுந்தாலும் விஷவாயு வந்தாலும் தாங்கணும்னு 1930-களின் கடைசியில கட்டினாங்க. தொலைபேசி இணைப்பகம், சங்கேதச் செய்திகளை உடைக்கிற அறை, எதிரி விமானம் எங்கே வருதுன்னு மேஜைமேல குறிக்கிற அறைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வேலை. இன்னைக்குக் குளிர்சாதனம் ஓடுது, சுகமா இருக்கு. அன்னைக்கு அப்படியில்லை. காத்து சரியா வராத அந்த அறைகள்ல, அந்தக் கடைசி வாரத்துல நூற்றுக்கணக்கான பேர் நெருக்கியடிச்சு வேலை பார்த்தாங்க. போர் முடிஞ்ச பிறகு மூடிக் கிடந்து, மறந்தே போய், 1988-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடிச்சு, 1997-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தாங்க.

கைடு எல்லாரையும் நிறுத்தி வைக்கிற இடம் அந்தக் கூட்ட அறை. நீளமான மேஜை, சுத்தி மெழுகு உருவங்கள். நடுவுல ஒல்லியா, முன்பற்கள் தெரிய உட்கார்ந்திருப்பவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல். காலை 9.30 மணிக்குக் கூட்டம் ஆரம்பிச்சது. ரெண்டே வழின்னு அவர் சொன்னார். ஒண்ணு, எதிர்த்தாக்குதல் நடத்தி நீர்த்தேக்கங்களையும் உணவுக் கிடங்குகளையும் திரும்பப் பிடிக்கணும். இல்லைன்னா சரணடையணும். நகரத்துல அகதிகளோட சேர்த்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர். குண்டுவீச்சுல குழாய்கள் உடைஞ்சு தண்ணி தெருவுல ஓடுது. இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோதான் தாங்கும். எதிர்த்தாக்குதல் முடியாதுன்னு தளபதிகள் எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஒரு கூட்டத்துல பெர்சிவல் மானத்தைப் பற்றிப் பேசினப்போ, அது வடக்கே எப்பவோ போயிடுச்சேன்னு சர் லூயிஸ் ஹீத் முகத்துக்கு நேரா சொன்னதாப் பதிவு இருக்கு.

இந்த ஹீத் யார்னு கேட்டா, மூன்றாவது இந்தியப் படைத்தொகுதியின் தளபதி. நான் அந்த மேஜையைச் சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டிருந்தேன். 'இந்திய'ங்கிற சொல் அந்த அறைக்குள்ள அவர் பதவிப் பேர்ல மட்டும்தான் இருந்தது. மலாயாவைக் காப்பாத்த வந்த படையில பாதிக்குப் பக்கம் இந்தியர்கள். 1941 டிசம்பர் 8 அதிகாலை கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறினப்போ, கடற்கரையில முதல்ல நின்னு சுட்டது டோக்ரா ரெஜிமெண்ட். ஜித்ராவில் உடைஞ்சது 11-வது இந்திய டிவிஷன். மூவாறில் அழிஞ்ச 45-வது இந்திய பிரிகேட்ல இருந்தவங்க மீசைகூட சரியா முளைக்காத பையன்கள். அவங்களைத் தயார் பண்ணினது பாலைவனப் போருக்கு. இறக்கிவிட்டது ரப்பர் காட்டுல.

மெழுகு உருவங்கள் பொய் சொல்லலை. அந்தக் கூட்டத்துல இந்தியர் யாரும் இல்லை, அதனால காட்சியிலயும் இல்லை. கைடையும் குறை சொல்ல முடியாது, அவர் அந்த அறையின் கதையை நல்லாவே சொன்னார். என் சங்கடம் வேற. ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வர்ற ஆள், சிங்கப்பூரின் வீழ்ச்சின்னா இந்தப் பத்துப் பேரோட தலைவலின்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவார். அறை அவ்வளவு அழுத்தமா இருக்கு. நாலு சுவருக்குள்ள நடந்ததுதான் நம்ம கண்ணுக்குத் தெரியும், அந்த முடிவு யார் யார் தலையில விழுந்ததுன்னு அங்கே தெரியாது.

அன்று மாலை பெர்சிவல் வெள்ளைக்கொடியோட ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போனார். எதிரே யமஷிதா. அவர்கிட்ட தீவுக்குள்ள இருந்தது சுமார் 30 ஆயிரம் பேர்தான், குண்டும் தீர்ந்துக்கிட்டிருந்தது. அதை மறைச்சு மிரட்டி வாங்கின சரணடைவு அது. கையெழுத்துப் போட்ட அசல் மேஜை இப்போ ஆஸ்திரேலியாவுல, கான்பெராவில் இருக்கு. தொழிற்சாலையில பார்க்கிறது நகல். அந்த அருங்காட்சியகத்துக்கு 2017-ல் 'சியோனான்'னு, அதாவது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வெச்ச பேரையே வெச்சாங்க. ஜனங்க கொதிச்சதும் ரெண்டே நாள்ல பேரை மாத்தினாங்க. அந்தப் பேருக்கு அங்கே இன்னமும் அவ்வளவு சூடு இருக்கு. காரணம், ஆக்கிரமிப்பின் முதல் வாரங்கள்லயே ஜப்பானியர் ஆயிரக்கணக்கான சீன ஆண்களைப் பொறுக்கியெடுத்துக் கடற்கரைகள்ல கொண்டுபோய்ச் சுட்டாங்க.

இந்தியர்களை வேற மாதிரி நடத்தினாங்க. பிப்ரவரி 17. வெள்ளைக்காரப் படையினரைச் சாங்கிக்கு நடக்கச் சொன்னாங்க. இந்தியர்கள் மட்டும் ஃபேரர் பார்க் மைதானத்துக்கு வரணும். சுமார் 45 ஆயிரம் பேர். கர்னல் ஹன்ட் என்கிற பிரிட்டிஷ் அதிகாரி, உங்களை ஜப்பானியரிடம் ஒப்படைக்கிறோம்னு சுருக்கமாச் சொல்லிட்டுப் போயிட்டார். அப்புறம் ஜப்பானிய உளவு அதிகாரி ஃபுஜிவாரா பேசினார். அதை ஆங்கிலத்துலயும் ஹிந்துஸ்தானியிலயும் மொழிபெயர்த்தாங்க. பிறகு கேப்டன் மோகன் சிங். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் வடிவம் அந்தப் புல்தரையிலதான் பிறந்தது. சேர்ந்தவங்களும் உண்டு, மாட்டேன்னு நின்னவங்களும் உண்டு. மறுத்தவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்களைக் கப்பல்ல ஏத்தி நியூ கினியா பக்கம் கூலிவேலைக்கு அனுப்பினாங்க. அதுல பலர் திரும்பலை.

இதுல தமிழர் எங்கேன்னு கேட்பீங்க. காலாட்படையில பெரும்பாலும் பஞ்சாபியர், டோக்ராக்கள், கடுவாலிகள், கூர்க்காக்கள்தான். நம்ம ஆளுங்க அதிகமா இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்ல. பேர்லயே சுரங்கம் இருக்கு பாருங்க. பாலம் கட்டறது, பின்வாங்கும்போது அதே பாலத்தை வெடிவெச்சுத் தகர்க்கறது, பதுங்குகுழி வெட்டறதுன்னு மண்ணோட மல்லுக்கட்டுற வேலை எல்லாம் அவங்களோடது.

ஆனா தமிழரோட பெரிய கூட்டம் படையிலேயே இல்லை. ரப்பர் தோட்டத்துல இருந்தது. 1931 கணக்கெடுப்புல மலாயாவில் ஆறு லட்சத்துக்கு மேல இந்தியர்கள், அதுல மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்கள்ல இருந்து கங்காணி கூட்டிக்கிட்டுப் போனவங்க. எங்க பக்கம் "அவர் பினாங்குக்குப் போனவரு"ன்னு ஒரு பேச்சு உண்டு. போனவரு அவ்வளவுதான், மேல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. 1941 டிசம்பர்ல பினாங்கைக் கைவிட்டப்போ பிரிட்டிஷார் ராத்திரியோட ராத்திரியா வெள்ளைக்காரங்களை மட்டும் ஏத்திக்கிட்டுக் கிளம்பினாங்க. தமிழனும் மலாய்க்காரனும் சீனனும் காலையில எழுந்து பார்த்தா ஊர்ல அரசாங்கமே இல்லை. என்னைக் கேட்டா, மானம் போன இடம்னு ஹீத் சொன்னது எதுவா இருந்தாலும், இதுதான் முதல்ல வரணும்.

சரணடைவுக்குப் பிறகு ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டத்துல கூலி இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்துலதான் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் எடுத்தாங்க. மூணு மாசம் வேலை, நல்ல கூலின்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, அப்புறம் லாரியில பிடிச்சுப் போட்டும் கொண்டுபோனாங்க. நாம சயாம் மரண ரயில்னு சொல்றது இதைத்தான். 1943 அக்டோபர்ல பாதை முடிஞ்சது. சுமார் 60 ஆயிரம் நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செஞ்சாங்க, 12 ஆயிரத்துக்கு மேல் இறந்தாங்க. அந்தக் கைதிகளோட அதிகாரிகள் ரகசியமாப் பேரேடு எழுதி வெச்சாங்க, அதனால அந்தக் கணக்கு இருக்கு. ஆசியத் தொழிலாளர்கள் ரெண்டு லட்சத்துக்குப் பக்கம், மலாயாவில் இருந்து போனவங்கள்ல தமிழர்தான் அதிகம். காலராவிலயும் பட்டினியிலயும் செத்தவங்க ஏறக்குறைய 90 ஆயிரம்னு மதிப்பிடறாங்க. வெறும் மதிப்பீடுதான். அந்த முகாம்கள்ல டாக்டரும் இல்லை, கணக்கு எழுத ஆளும் இல்லை.

எங்க வேன் சாயங்காலம் கிராஞ்சிக்குப் போச்சு. பச்சைப்புல் சரிவுல வெள்ளைக் கல் வரிசைகள், மேலே தூண் தூணா நினைவுச் சுவர்கள். உடல் கிடைக்காத 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க பேர் அதுல செதுக்கியிருக்கு. அதுல ரெஜிமெண்ட் வாரியா ஏராளமான இந்தியப் பேர்கள் உண்டு. கீழே பேட்டில்பாக்ஸ்ல காணாதவங்களை இங்கே ஒரேடியாப் பார்த்தேன். அந்த ஆஸ்திரேலிய அம்மா காகிதத்தைப் பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, சுவர் எண்ணைக் கண்டுபிடிச்சு, தாத்தாவின் பேரை விரலால தடவினாங்க. முழுசா பத்து நிமிஷம்கூட ஆகலை. தோட்டத்துல இருந்து போன ஒரு தமிழருக்காக அங்கே நின்னு தேடினா புரட்டறதுக்குப் பதிவேடு கிடையாது. அது படைவீரர்களுக்கான இடம், கூலிக்கு அங்கே சுவர் இல்லை.

சிங்கப்பூர் போறவங்களுக்கு ஒரு யோசனை. பேட்டில்பாக்ஸ் பாருங்க, அவசியம் பாருங்க. ஆனா அதோட நிறுத்தாதீங்க. வெளிய வந்து குன்றை விட்டு இறங்கினா டேங்க் ரோடு, செட்டியார்கள் கட்டின தெண்டாயுதபாணி கோயில் இருக்கு. தைப்பூசத்துக்குக் காவடி வந்து சேர்ற இடம். அந்தக் காவடிகள் கிளம்புறது சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயில்ல இருந்து. அந்தக் கோயில் ஃபேரர் பார்க் பக்கத்துலதான். அதாவது, பிப்ரவரி 15-ம் தேதி முடிவெடுத்த குன்றுக்கும், 17-ம் தேதி 45 ஆயிரம் பேரைக் கைமாத்தின மைதானத்துக்கும் நடுவுல வருஷாவருஷம் நம்ம ஜனங்க வேல் குத்திக்கிட்டு நடக்கறாங்க. மூணு கிலோமீட்டர், சும்மா நடந்தா முக்கால் மணி நேரம். நான் எதிர்த்திசையில நடந்தேன், குன்றுல இருந்து மைதானத்துக்கு. பழைய மைதானம் இப்போ கட்டடங்களும் ரயில் நிலையமுமா மாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், வேலைக்கு வந்த தம்பிங்க கூட்டம் கூட்டமா நின்னு ஊருக்குப் போன் பேசிக்கிட்டிருந்தாங்க. நம்ம பக்கத்துப் பேச்சும் காதுல விழுந்தது.

கடைசியா ஒரு வேண்டுகோள். திருவண்ணாமலை, செஞ்சி, போளூர், செங்கம் சுத்துவட்டாரத்துல மலாயா போனவங்க வீடுகள்ல பழைய கப்பல் சீட்டு, தோட்டத்துப் பேர் போட்ட கடிதம், மணியார்டர் ரசீது, போட்டோ எது இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. படம் எடுத்து அனுப்புங்க. போனவர் பேர், கிராமம், தெரிஞ்சா தோட்டத்தின் பேர், இந்த மூணையும் சேர்த்து எழுதுங்க. 1942-க்குப் பிறகு கடிதம் நின்னுபோன வீடுன்னா அதையும் மறக்காம எழுதுங்க.