சாவியும் கயிறும்: நியூயார்க் நாய்களை வெளியே கூட்டிப்போனவர்கள்

இன்னைக்கு ஒரு வேலையோட வரலாறு.

2016 ஜனவரி 23. நியூயார்க்ல பனிப்புயல். சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம் பனி விழுந்தது. அங்கே அளக்க ஆரம்பிச்ச நாளிலிருந்து ஒரே புயலில் அவ்வளவு விழுந்ததில்லை. நாம இறங்கி நின்னா முழங்காலுக்கு மேல இருக்கும். கார் எதுவும் ரோட்டுக்கு வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. ஊரே வீட்டுக்குள்ள.

ஆனா பதினஞ்சாவது மாடியில இருக்கிற நாய்க்குத் தடை உத்தரவு தெரியுமா? அதுக்குக் காலையில ஒண்ணுக்குப் போகணும். மன்ஹாட்டன் அடுக்குமாடியில கொல்லைப்புறம் கிடையாது. யாராவது லிஃப்ட்ல கூட்டிக்கிட்டு இறங்கித்தான் ஆகணும். அந்த 'யாராவது' சம்பளம் வாங்குற ஆளா மாறினது எப்போ?

ரொம்ப நாள் அது தொழிலே இல்லை. பணக்கார வீட்டில் வேலைக்காரர் கூட்டிப்போவார், மத்த வீடுகளில் நாயை வளர்க்கிறவரே. 1960களின் தொடக்கத்தில் ஜிம் பக் என்பவர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி விற்பனை வேலையை விட்டுட்டு, அடுத்தவங்க நாய்களோட நடக்கக் கிளம்பினார். வசதியான குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் என்ன சொல்லியிருப்பாங்கன்னு நம்மால ஊகிக்க முடியும்! நியூயார்க்கில் இதை முறையான தொழிலாக்கிய முதல் ஆள்னு பரவலாக இவரைத்தான் சொல்றாங்க. நிறுவனத்துக்கு அவர் வச்ச பேர் 'ஜிம் பக்கின் நாய்ப் பள்ளி'. அந்தப் 'பள்ளி'யைக் கவனிங்க. சும்மா தெருவைச் சுத்திட்டு வர்றவர் இல்லை, நாயைப் பழக்குறவர்னு பேரிலேயே சொல்லிட்டார். உச்சத்தில் இரண்டு டஜன் உதவியாளர்கள், ஒரு நாளைக்கு 150க்கும் மேற்பட்ட நாய்கள். நாற்பது வருஷம் போல இதையே செய்தார். 2013 ஜூலையில், 81 வயதில் இறந்தார்.

என்னைக் கேட்டா, இந்தத் தொழிலில் நாயைவிடப் பெரிய விஷயம் சாவி. பகலில் ஆள் இல்லாத வீடு. அதைத் திறந்து உள்ளே போக ஒரு வெளியாளுக்கு அனுமதி. குடும்பத்துக்காரங்களுக்கே சாவி கொடுக்க யோசிக்கிற ஊர் அது. அந்த நம்பிக்கைக்குத்தான் காசு. கயிற்றைப் பிடிக்கிறது அதுக்கு அப்புறம்.

1978 ஆகஸ்ட் 1ல் வேலை கொஞ்சம் மாறிச்சு. உன் நாய் போட்டதை நீயே அள்ளணும்னு சட்டம் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி 1970களின் தொடக்கத்தில் மேயர் லிண்ட்சே காலத்தில் இதே முயற்சி தோத்துப்போச்சு. அப்புறம் மாநிலச் சட்டமாக வந்து ஜெயிச்சது. ஒரு கையில் அஞ்சாறு கயிறு, இன்னொரு கையில் பை. பனியில் கையுறையோட இதைச் செய்றதை யோசிச்சுப் பாருங்க.

குளிர்காலத்தின் உண்மையான ஆபத்து பனியில்கூட இல்லை, உப்பில் இருக்கு. பனியை உருக்க நடைபாதையில் உப்பு போடுவாங்க. நாயோட வெறும் பாதம் எரியும். அதனாலதான் அங்கே நாய்க்கு ஷூ போடுறாங்க, ஸ்டைலுக்காக இல்லை. இதோட உப்பு கரைஞ்ச தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்தும். பூமிக்கடியில் ஓடுற பழைய வயரில் கசிவு இருந்தா, மேலே இருக்கிற இரும்பு மூடிக்கே கரண்ட் வந்துடும். 2004 ஜனவரியில் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் தன் நாய்களோட நடந்துபோன 30 வயது ஆராய்ச்சி மாணவி அப்படி ஒரு மூடியை மிதிச்சு இறந்துபோனார். அவர் இந்தத் தொழில் செய்தவர் இல்லை. ஆனா அதே தெருவில், அதே உப்புத் தண்ணியில், தினமும் நாலஞ்சு தடவை நடக்கிறவங்க இந்தத் தொழிலாளிகள்தான். அதுக்கப்புறம்தான் தெருவிளக்குக் கம்பங்களையும் இரும்பு மூடிகளையும் மின் நிறுவனங்கள் வருஷா வருஷம் சோதிக்கணும்னு உத்தரவு வந்தது. ஒரு உயிர் போன பிறகு.

பிறகு ஆப்கள் வந்தன. 2015ல் தொடங்கின 'வேக்' நிறுவனத்தில் 2018ல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 30 கோடி டாலர் போட்டது. ஆமா, நாயை நடக்கக் கூட்டிப்போற வேலையில்! ஜிம் பக் கையில் இருந்த சாவி இப்போ வீட்டு வாசலில் நம்பர் பூட்டுப் பெட்டிக்குள்ள போச்சு. யார் வர்றாங்கன்னு ஃபோன்தான் சொல்லும். நடக்கிறவர் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். பனியில் வழுக்கி விழுந்தா அவர் பாடு. 2019 முடியுறதுக்குள்ள சாஃப்ட்பேங்க் கையைக் கழுவிட்டு வெளியே வந்துடுச்சு.

சில மாசத்தில் கொரோனா. ஆஃபீஸ் மூடி, நாயை வளர்த்தவங்களே வீட்டில் உட்கார்ந்தாங்க. அவங்களே மாஸ்க் போட்டுக்கிட்டு நாயோட கீழே இறங்கினாங்க. ஆப் இல்லாம, வருஷக்கணக்கா சொந்தமா வாடிக்கையாளர்களைச் சேர்த்து வச்சவங்க கையில் சாவிக் கொத்து அப்படியேதான் இருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறக்கச் சொல்லி யாரும் கூப்பிடலை.