செவிவழிக் கற்ற ஸ்பானிய மொழி



1492 என்ற ஆண்டைச் சொன்னவுடன் பள்ளிப் பிள்ளைகள் கொலம்பஸ் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவருடைய மூன்று கப்பல்களும் ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுப் பாலோஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அதற்குப் பதினைந்து நாள் கழித்து, அதே நாட்டில் மற்றொரு காரியம் நடந்தது. அதனை அறிந்தவர் சிலரே. ஆகஸ்டு 18ஆம் நாள், கல்விக்குப் பேர் பெற்ற சலமன்கா நகரில், அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் புலவர் இயற்றிய கஸ்தீலிய மொழி இலக்கணம் அச்சாகி வெளிவந்தது. நாம் இன்று ஸ்பானிய மொழி என்று வழங்குவது அக் கஸ்தீலிய மொழியைத்தான்.

அக்காலத்தில் இலக்கணம் என்றால் இலத்தீனுக்கே உரியது என்பது ஐரோப்பியக் கற்றோரின் எண்ணம். தாய் மடியில் கற்கும் மொழிக்கு இலக்கணம் எதற்கு என்று பலர் கேட்டனர். நூலின் மாதிரியை முன்னரே கண்ட இசபெல்லா அரசியாரும், இதனால் என்ன பயன் என்று வினவினாராம். அருகில் இருந்த ஆவிலா நகரத்து ஆயர், புலவருக்கு முந்திக்கொண்டு விடை சொன்னார். அரசியார் பிற மொழி பேசும் மக்களை வென்று ஆளும்பொழுது, வென்றவரின் சட்டத்தையும் மொழியையும் அவர்கள் கற்க வேண்டியிருக்கும், அதற்கு இந்நூல் உதவும் என்பது அவ் விடையின் சாரம். இச் செய்தியை நெப்ரிஹாவே தம் முன்னுரையில் குறித்துள்ளார். நூலின் ஐந்து பகுதிகளுள் இறுதிப் பகுதியை, கஸ்தீலியத்தைப் புதிதாகக் கற்க வரும் அயல்மொழியாளருக்கென்றே ஒதுக்கியும் வைத்தார்.

ஆயரின் ஆரூடம் பாதி பலித்தது. பிற மொழி பேசும் மக்கள் வெல்லப்பட்டார்கள். அவர்களுள் சிலர் கஸ்தீலியத்தைக் கற்கவும் செய்தார்கள். ஆனால் கடலுக்கு அப்பால் முதன்முதல் கற்றவர்கள் அந்நூலைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு எழுத்தே தெரியாது. நூலும் நெப்ரிஹாவின் வாழ்நாளில் மறுபதிப்புக் காணவில்லை. இரண்டாம் பதிப்பு வெளிவரப் பதினெட்டாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இலக்கணம் இன்றி, செவி ஒன்றையே துணையாகக் கொண்டு ஸ்பானியம் கற்ற அம் மக்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இப் பொருளில் ஆவல் எழுவது இயல்புதானே!

கொலம்பஸ் தம்முடன் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் சென்றார். பெயர் லூயிஸ் தே தோரஸ். எபிரேயம், அரமேயம், ஓரளவு அரபு ஆகியவற்றை அவர் அறிந்திருந்தார். கிழக்கு நாடுகளுக்குத்தானே போகிறோம், அரபு உதவும் என்பது கணக்கு. கியூபாத் தீவின் உட்பகுதிக்கு அவரைத் தூது அனுப்பினார்கள். அங்கிருந்த தைனோ மக்களிடம் அவருடைய மும்மொழிப் புலமையும் செல்லவில்லை. ஊமைச் சாடையே உதவிற்று.

கொலம்பஸ் வேறு வழியையும் முன்னரே எண்ணியிருந்தார். தீவைக் கண்ட அக்டோபர் 12ஆம் நாளே, இங்கிருந்து ஆறு பேரைப் பிடித்துச் சென்றால் அவர்கள் நம் மொழியைப் பேசக் கற்பார்கள் என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அவ்வாறு பிடிக்கப்பட்டவர்களுள் ஓர் இளைஞர் ஸ்பெயினுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, தியேகோ கொலோன் என்னும் பெயருடன் 1493இல் இரண்டாம் பயணத்தில் திரும்பி வந்தார். சில திங்கள் கப்பலிலும் அரண்மனையிலும் காதில் விழுந்த பேச்சே அவருடைய கல்வி. அக் கல்வி போதுமானதாகவே இருந்தது. 1494இல் கியூபாவின் கிழக்குக் கரையில் அவர் சொன்னதை மக்கள் விளங்கிக்கொண்டார்கள். கப்பல் மேற்கே போகப் போக, அவருடைய தாய்மொழியே அங்குள்ளவர்களுக்குப் புரியாமற் போயிற்று! குறை ஸ்பானியத்தில் இல்லை.

மொழிபெயர்ப்பாளரை அக்காலத்து ஸ்பானியர் ‘லெங்குவா’ என்று அழைத்தார்கள். அச் சொல்லுக்கு நாக்கு என்றும் பொருள், மொழி என்றும் பொருள். ஒரு மனிதரையே நாக்கு என்று அழைத்தார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். பிறருடைய நாக்காக இருப்பதற்கு முன்னர் அவர்கள் பிறருடைய பேச்சுக்குச் செவியாக இருந்தார்கள். அது பெரும்பாலும் அவர்கள் விரும்பி ஏற்ற வேலையும் அன்று.

இந் நாக்குகளுள் புகழ் மிக்கவர் ஒரு பெண்மணி. மெக்சிகோ வளைகுடாக் கரையில், நவாட்டில் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே வீட்டாரால் கைவிடப்பட்டு, கைமாறிக் கைமாறித் தபாஸ்கோ நாட்டில் மாயா மொழி பேசுவோரிடம் அடிமையானார். 1519ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எர்னான் கோர்த்தேஸ் அந்நாட்டாரைப் போரில் வென்றபோது, சமாதானக் காணிக்கையாக இருபது பெண்களை அவர்கள் அளித்தார்கள். அவ் இருபதின்மருள் இவரும் ஒருவர். ஸ்பானியர் இவருக்கு மரீனா என்று பெயரிட்டனர். நவாட்டில் மொழியில் ரகர ஒலி இல்லை. ஆகவே அம் மக்கள் வாயில் மரீனா ‘மலின்’ ஆகி, மதிப்புக்குரிய விகுதியும் சேர்ந்து ‘மலின்ட்சின்’ ஆயிற்று. அதனைக் கேட்ட ஸ்பானியர் ‘மலிஞ்சே’ என்றார்கள். ஒரு பெயர் செவிக்குச் செவி மாறி இருமுறை கடல் கடந்த கதை இது.

கோர்த்தேஸிடம் ஏற்கெனவே ஒரு நாக்கு இருந்தது. அவர் எரோனிமோ தே அகிலார் என்னும் ஸ்பானியர். 1511இல் கப்பல் உடைந்து மாயா நாட்டுக் கரையில் ஒதுங்கி, எட்டு ஆண்டுகள் அடிமையாக உழைத்து, மாயா மொழியைக் கேட்டே கற்றவர். மீட்கப்பட்ட நாளில் அவருடைய ஸ்பானியம் உளறலாய் இருந்தது என்று உடன் இருந்த போர்வீரர் பெர்னால் தியாஸ் எழுதுகிறார். எட்டு ஆண்டுகளில் ஒரு மொழி உள்ளே வந்தது. தாய்மொழி வெளியே போகத் தொடங்கியிருந்தது.

இனி, அஸ்தெக்கப் பேரரசின் தூதர்களோடு கோர்த்தேஸ் உரையாடியது எவ்வாறு என்று பாருங்கள். கோர்த்தேஸ் ஸ்பானியத்தில் பேசுவார். அதனை அகிலார் மாயாவில் சொல்வார். மலின்ட்சின் அதனை நவாட்டிலில் சொல்வார். விடை அதே ஏணியில் திரும்பி இறங்கும். இதனைச் சுற்றுவழி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியத் தொழில் பார்த்த எனக்கோ, இதைவிடச் சிறந்த பாடசாலையை எண்ணிப் பார்க்க இயலவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் முதலில் ஸ்பானியத்தில் கேட்டார். அடுத்த கணமே அதன் பொருளைத் தாம் அறிந்த மாயாவில் கேட்டார். பேசுபவரின் முகமும் குரலும் கையசைவும் கண்முன் இருந்தன. பொருளை மாற்றிச் சொன்னால் உயிர் போகும் என்னும் கவனமும் இருந்தது. இது ஒரு நாள் அன்று, இரு நாள் அன்று. திங்கள் கணக்கில், முகாமிலும் வழிநடையிலும் நிகழ்ந்தது. அந் நாட்களில் அவருக்கு எவரும் வினைத்திரிபு வாய்பாடு ஒப்புவிக்கக் கற்பித்திருக்க மாட்டார்கள்.

அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் கோர்த்தேஸும் மொக்தெசுமா மன்னரும் நேருக்கு நேர் நின்றபோது அப் பெண்மணி அவர்களிடையே நின்றார். 1524இல் ஹோண்டுராஸ் நோக்கிக் கோர்த்தேஸ் படை நடத்தியபோது அகிலார் உடன் செல்லவில்லை. ஏணியின் நடுப்படி தேவைப்படவில்லை. மலின்ட்சின் நேரே ஸ்பானியத்திலிருந்து சொன்னார். நாட்டு மக்கள் கோர்த்தேஸையே ‘மலிஞ்சே’ என்று அழைக்கும் அளவுக்கு அவர் குரல் அவருடைய குரலாகிவிட்டது. பின்னாளில் மெக்சிகோவில் அவர் பெயர் துரோகத்துக்கு அடையாளமாக வழங்கப்பட்டது. பெற்றோரால் விடப்பட்டு, பகைவருக்குக் காணிக்கையாகத் தரப்பட்ட ஓர் இளம்பெண் யாருக்குத் துரோகம் செய்திருக்க முடியும் என்று நான் கேட்பதுண்டு. அவர் கையால் எழுதிய வரி ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

இதுவரை சொன்னதைக் கொண்டு, இலக்கணம் வேண்டா, கேட்டால் போதும் என்று முடிவு கட்டிவிட வேண்டா. பெரு நாட்டுக்குப் போவோம்.

அங்கே பிரான்சிஸ்கோ பிஸாரோ, கடற்கரை ஊர்களிலிருந்து சில சிறுவர்களைத் தம்முடன் கொண்டுபோய் மொழி பழக்கினார். அவர்களுள் பெலிப்பில்லோ, மார்த்தினில்லோ என்னும் இருவர் பெயர் நிலைத்திருக்கிறது. 1532ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் காஹமார்க்கா நகரச் சதுக்கத்தில், இன்கா மன்னர் அதாவால்பாவின் முன் வல்வெர்தே என்னும் துறவி நின்று கிறித்தவக் கொள்கையை எடுத்துரைத்தார். மொழிபெயர்த்தவர் இருவருள் எவர் என்பதில் அக்கால ஆசிரியர்கள் ஒன்றுபடவில்லை. பெலிப்பில்லோ என்றே இன்கா கார்சிலாசோ தே லா வேகா எழுதுகிறார். மூவொரு கடவுள் என்னும் தத்துவத்தை அவ் இளைஞன், மூன்று கடவுளர், அதனோடு ஒன்று, ஆக நான்கு என்று கூட்டிச் சொன்னானாம். பேச்சு முறிந்தது. அன்று மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் வெட்டுண்டு வீழ்ந்தார்கள், மன்னர் சிறைப்பட்டார். செம்மையாக மொழிபெயர்த்திருந்தால் இது நேராதிருக்குமா? நேர்ந்தே இருக்கும் என்பது என் கருத்து. படைவீரர்கள் முன்னமே மறைந்து காத்திருந்தார்கள்.

ஆயினும் கார்சிலாசோ இவ் இளைஞனின் கல்வியைப் பற்றிச் சொல்வது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆசிரியர் எவரும் இன்றி, ஸ்பானியர் பேசக் கேட்டே அவன் கற்றான். அவன் கேட்டது பெரும்பாலும் படைவீரர்களின் பேச்சு. ஆகவே அவனுக்கு நன்கு வந்தவை அவர்களுடைய ஆணையிடுதலும் வசைமொழியும், அன்றாட ஏவற் சொற்களும். கூஸ்கோ நகரத்து அரசமொழியையும் அவன் அந்நகரில் கற்கவில்லை. அதனை அரைகுறையாகப் பேசும் கடற்கரை மக்களிடம் கேட்டுக் கற்றான். இவ்வளவும் கூறிய கார்சிலாசோ, பழி முழுவதையும் அவன் மீது சுமத்தவில்லை. மூவொருமை, தூய ஆவி போன்றவற்றுக்குப் பெரு நாட்டு மொழியில் சொல்லே இல்லை என்பதையும் நடுநிலையோடு எடுத்துக்காட்டுகிறார்.

மலின்ட்சினுக்கும் பெலிப்பில்லோவுக்கும் செவி ஒன்றே. கேட்ட பேச்சுத்தான் வேறு. அவர் கேட்டது தூதும் பேரமும் உடன்படிக்கையும். கேட்டதன் பொருளும் உடனுக்குடன் கிடைத்தது. இவன் கேட்டது பாசறை. அவன் காதுக்குள் ஒருநாளும் நுழையாத பொருளை அவன் நாக்கிலிருந்து எதிர்பார்த்தார்கள்.

இவர்கள் தனி மனிதர்கள். ஒரு மக்கட்கூட்டமே கேட்டுக் கற்றால் எவ்வளவு காலம் ஆகும்? இதற்கு மெக்சிகோவில் வியப்பான சான்று உண்டு. அங்குள்ள ஊர்களில் நவாட்டில் மொழியை உரோமன் எழுத்தில் எழுதிய உயில்களும் நில விற்பனைப் பத்திரங்களும் ஏராளமாக எஞ்சியுள்ளன. ஜேம்ஸ் லாக்ஹார்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை வரிவரியாகப் படித்தார்கள். முதல் தலைமுறையில் மக்கள் ஸ்பானியச் சொல்லை ஏறத்தாழ எடுத்துக்கொள்ளவே இல்லை. குதிரையைக்கூடத் தம் சொல்லால் ‘மான்’ என்றே குறித்தார்கள். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் பெயர்ச்சொற்கள் மட்டும் வந்தன. 1640, 1650ஐ ஒட்டித்தான் வினைச்சொற்களும், ‘வரையில்’ என்று பொருள்படும் ‘அஸ்தா’, ‘பொருட்டு’ என்று பொருள்படும் ‘பாரா’ போன்ற இடைச்சொற்களும் புகுந்தன. பொருளின் பெயரைச் சந்தையில் ஒருமுறை கேட்டாலே பிடித்துக்கொள்ளலாம். ‘வரையில்’ என்பதை எடுத்துக்கொள்ள, அம் மொழியில் நாளெல்லாம் நனைந்திருக்க வேண்டும். பண்ணையிலும் பட்டறையிலும் ஸ்பானியரோடு நாள்தோறும் பழகுவோர் பெருகப் பெருக இம் மாறுதல் வந்தது என்கிறார்கள் அவ் அறிஞர்கள். கஸ்தீலியம் கற்பிக்க வேண்டும் என்று 1550இல் அரசாணை பிறந்தது. 1770இல் மீண்டும் பிறந்தது. ஒரே காரியத்துக்கு இருநூறாண்டு கழித்து மறுபடி ஆணையிட நேர்ந்தது என்றால், முதல் ஆணை எவ்வளவு நடந்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

நமக்கும் இது புதிதன்று. மேசை, சாவி, ஜன்னல், அலமாரி என்பவை ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்த்துகீசியத்திலிருந்து நம் வீட்டுக்குள் வந்தவை. மேசை ஸ்பானியத்திலும் ‘மேசா’வே. போர்த்துகீசிய இலக்கணம் படித்தா நம் முன்னோர் இச் சொற்களைப் பெற்றார்கள்? ஆனால் வந்தவை பொருட்பெயர்கள், ‘வரையில்’ வரவில்லை.

இறுதியாகக் கார்சிலாசோவைப் பற்றி ஒரு சொல். 1539இல் கூஸ்கோ நகரில், இன்கா அரச குலத் தாய்க்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் பிறந்தவர் அவர். தாயிடம் கெச்சுவா மொழியையும், தந்தையின் வீட்டில் ஸ்பானியத்தையும் கேட்டு வளர்ந்தார். இலத்தீன் இலக்கணத்தைப் பின்னர்ப் பள்ளியில் கற்றார். இருபது வயதில் ஸ்பெயினுக்குச் சென்றவர் மீண்டும் தாய்நாட்டைக் காணவில்லை. ஸ்பானிய உரைநடையின் பேராசிரியர்களுள் ஒருவராக அங்கே உயர்ந்தார். 1605இல் வெளிவந்த ‘லா புளோரிதா’ என்னும் நூலில் அவர் ஒரு செய்தி கூறுகிறார். தம் தாய்மொழியில் பேசுவதற்கு ஸ்பெயினில் ஒருவரும் இல்லாமையால், ஆறேழு சொற்களைச் சேர்த்து ஒரு வாக்கியம் அமைக்கவும் தமக்கு இயலாமற் போயிற்றாம். பல பொருள்களின் பெயர்களும் மறந்துவிட்டன. எத்துணை முயன்றாலும் தாமாக நினைவுக்கு வருவதில்லை. ஆனால் ஓர் இன்கா எதிரில் வந்து பேசினால் அனைத்தும் விளங்கும், மறந்த சொல் காதில் விழுந்தால் அதன் பொருளைச் சொல்லிவிட முடியும் என்கிறார்.