கடம்பத்தூர் காட்டிய வழி

பாலக்காட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம் அன்பர்கள், அரக்கோணத்தைக் கடந்து திருவள்ளூரை நெருங்குகையில் கடம்பத்தூர் என்னும் சிறு நிலையத்தைக் கண்டிருக்கக் கூடும். விரைவு வண்டிகள் அங்கு நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படித்து முடிக்குமுன் வண்டி கடந்துவிடும். எனினும், தமிழகக் கல்வி வரலாற்றில் அவ்வூருக்கு அழியாத இடமுண்டு. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திரு. காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். அவருக்குத் துணையாகப் பொதுக் கல்வி இயக்குநர் பொறுப்பில் அமர்ந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். 1912ஆம் ஆண்டு நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்து, பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்த பெரியார் அவர். 1956இல் பொதுமக்கள் தந்த தானியத்தையும் பொருளையும் கொண்டு பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டில் அரசும் செலவில் பங்கேற்றது. பசி தணிந்தமையால் பிள்ளைகள் பள்ளியை நாடி வந்தனர். ஆனால், வந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இருந்ததா? கூரை ஒழுகிற்று. பலகை இல்லை. குடிநீருக்குப் பானை இல்லை. அரசின் கருவூலமோ அத்தனையையும் ஒருசேரத் தாங்கும் நிலையில் இல்லை.

இந்நிலையில்தான் 1958ஆம் ஆண்டு, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பின்னர் மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. இயக்குநரும் அமைச்சர்களும், பல வேளைகளில் முதலமைச்சருமே வந்து கலந்துகொண்டனர்.

பட்டியலின் ஆற்றல்

இவ்வியக்கத்தின் நுட்பம் எதில் இருந்தது? மேடைப் பேச்சில் அன்று. மாநாட்டுக்கு முன் நடந்த வேலையில் இருந்தது. ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் ஒன்றாக அமர்ந்து குறைகளைப் பட்டியலிட்டனர். கட்டடம் இத்துணை, நாற்காலி இத்துணை, கடிகாரம் ஒன்று, நிலப்படம் இரண்டு, சீருடை இத்தனை பிள்ளைகளுக்கு என்று தனித்தனியே மதிப்பிட்டனர். பின்னர் அப்பட்டியலை ஊர் மக்கள்முன் வைத்தனர். வசதியுள்ளவர் ஓர் அறை கட்டித் தந்தார். இயலாதவர் ஒரு கரும்பலகை வாங்கித் தந்தார்.

“பள்ளிக்கு உதவுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் எவரும் தம்மைக் கேட்பதாக எண்ணார். “மூன்றாம் வகுப்புக்கு ஒரு பானை வேண்டும்” என்று கேட்டாலோ, பானை தர வல்லவர் தாமே எழுந்து நிற்பார். கொடுத்தவர் பிறகு அந்தப் பானை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் வருவார். அன்று முதல் அது சர்க்கார் பள்ளியன்று, அவருடைய பள்ளி.

இதிலும் ஒரு குறை கூறுவோர் உண்டு. அரசு செய்ய வேண்டிய கடமையை மக்கள் தலையில் சுமத்தலாமா என்பர். அக்கேள்வி நியாயமானதே. ஆசிரியருக்கு ஊதியமும் பள்ளிக்குக் கட்டடமும் தருவது அரசின் கடன். அதனை மறக்கலாகாது. ஆயினும், கடமையைச் செய் என்று அரசை வற்புறுத்தும் உரிமை, பள்ளி வாசலை மிதிக்கும் பெற்றோருக்கே வலிமையோடு வாய்க்கிறது.

நாம் பெறாத பேறு

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் அன்றே கேரளத்தின் பகுதிகளாயின. ஆகவே, அதன் பின்னர்ப் பிறந்த கடம்பத்தூர் இயக்கம் நம் எல்லையைத் தாண்டி வரவில்லை. மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒரு வழி வகுத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் முதலாளி கல்வி வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் விதி. எனினும், பன்னிரண்டு வயதுக்குப் பின் உயர்நிலைப் பள்ளியைத் தேடி மலையிறங்கி நடந்தவர் எத்தனை பேர் என்பதை நம்முள் பலர் அறிவர்.

நன்றி மறவாமல் ஒன்று கூற வேண்டும். கேரள அரசு தமிழ் வழிப் பிரிவுகளை நடத்துகிறது. பாடநூல்களைத் தமிழில் அச்சிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுத இடந்தருகிறது. வாசல் திறந்தே இருக்கிறது. நுழையத் தயங்குபவர் நாமே.

என் குற்றத்தை நானே சொல்கிறேன். என் மகள் தமிழ்ப் பிரிவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இரவுப் பணியைக் காரணங்காட்டிப் பல ஆண்டுகள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்கு நான் சென்றதில்லை. சென்ற ஆண்டு ஒருமுறை சென்றேன். தமிழ்ப் பெற்றோர் நால்வரே வந்திருந்தனர். கூட்டம் மலையாளத்தில் நடந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை. காய்கறி விலை பேசப் போதுமான நம் மலையாளம், பள்ளிக்கூடத்தில் மட்டும் போதாமற் போவது வியப்பே!

வீடு திரும்பியதும் மகள் கேட்டாள்: “அப்பா, சோதனைக் கூடத்தில் குழாய் இல்லை, பெஞ்சுகளில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னீர்களா?” எனக்கு விடையில்லை. மறுநாள் அவளும் தோழியரும் வகுப்பு வகுப்பாகச் சென்று ஒரு பட்டியல் எழுதினர். பள்ளியின் குறைகளைப் பிள்ளைகளைவிட நன்கு அறிந்தவர் யார்? தலைமையாசிரியர் இசைவுடன், நம் காலனித் தச்சரும் குழாய் வேலை அறிந்த அன்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று அவற்றைச் செப்பனிட்டனர். மீதி வரிகள் இன்னும் பட்டியலில் இருக்கின்றன.

ஆறாம் நாள்

சூன் திங்களில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளன்று மாணவர் தொகை கணக்கிடப்படுகிறது. வகுப்புப் பிரிவுகளும் ஆசிரியர் பணியிடங்களும் அதனைக் கொண்டே உறுதி செய்யப்படுகின்றன. ஆங்கில வழியை நாடி நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகினால், ஒரு நாள் தமிழாசிரியரின் இடமும் போகும். போனது திரும்புவது அரிது.

அமெரிக்க நாட்டில் 1897இல் தாய்மார் பேரவையாகத் தொடங்கியதே பின்னர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகமாக வளர்ந்தது. நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்டிராகவும் இருக்க வேண்டுமென விதிக்கிறது. எட்டாம் வகுப்போடு அச்சட்டத்தின் எல்லை முடியலாம். நம் கடமை முடியாது.

ஆண்டு விழாவில் நாடகமும் விருந்தும் நடத்துகிறோம், நன்று. அடுத்த கூட்டத்திற்கு வீட்டுக்கு ஒருவர், இயன்றால் தாய்மார், செல்வோம் என்று உறுதி கொள்வோமாயின் அது இன்னும் நன்று. கையில் பிள்ளைகள் எழுதிய பட்டியல் இருக்கட்டும். கடம்பத்தூரில் வண்டி நிற்காவிட்டாலும், அவ்வூர் காட்டிய வழியில் நாம் நடக்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!